ஃபெலிசிட்டி தெரு முனையில் எட்டு குண்டுகள்: வில் ஸ்மித் வழக்கு

2016 ஏப்ரல் 9, சனிக்கிழமை. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் இருக்கும் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் ஃபிரெஞ்ச் குவார்ட்டர் இசைத் திருவிழா நடந்துகொண்டிருந்தது. வில் ஸ்மித்தும் அவர் மனைவியும் பகலில் திருவிழாக் கூட்டத்தில் இருந்தார்கள். இரவு மகசீன் தெருவில் ஒரு ஜப்பானிய உணவகத்தில் நண்பர்களோடு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். பதினொன்றரை மணி வாக்கில் லோயர் கார்டன் டிஸ்ட்ரிக்ட் பகுதியில், சோஃபி ரைட் பிளேஸும் ஃபெலிசிட்டி தெருவும் சேருகிற இடத்தில், ஸ்மித்தின் மெர்சிடிஸ் வண்டியை ஒரு ஹம்மர் பின்னாலிருந்து வந்து இடித்தது. இரண்டு பக்கமும் இறங்கினார்கள், கத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் ஸ்மித் தன் வண்டிக்குள் பாதி, வெளியே பாதியாகச் சாய்ந்து கிடந்தார். உடலில் எட்டு குண்டுகள். ஏழு முதுகில், ஒன்று விலாவில். மனைவிக்கு இரண்டு கால்களிலும் குண்டு பாய்ந்திருந்தது.

இவர் நடிகர் வில் ஸ்மித் அல்ல. அமெரிக்கன் ஃபுட்பால் விளையாட்டில் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியின் தடுப்பு வரிசைக்காரர். சட்டை எண் 91. வயது 34, மூன்று குழந்தைகளுக்கு அப்பா.

இந்த வழக்கு எட்டு வருடம் நீண்டது. இரண்டு விசாரணைகள், நடுவில் ஒரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, அப்புறம் மாநிலத் துப்பாக்கிச் சட்டத்தில் பெரிய மாற்றம் என்று பல திருப்பங்கள். ஒரு விளையாட்டு வீரரின் சாவு அவரை நேசித்த ரசிகர்களையே எப்படி இரண்டாகப் பிரித்தது என்பதைப் பார்க்க இதைவிடத் தெளிவான வழக்கு எனக்குத் தெரியவில்லை.

யார் இந்த 91

ஸ்மித் நியூயார்க் மாநிலத்தின் யூட்டிகா ஊரில் வளர்ந்தவர். ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணியில் ஆடி, 2002 பருவத்தின் தேசியப் பட்டத்தை வென்றவர். தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் 2004 தேர்வில் 18-வது ஆளாக அவரைச் செயின்ட்ஸ் அணி எடுத்தது. டிஃபென்சிவ் எண்ட் என்பது அவர் இடம். எதிரணியின் குவார்ட்டர்பேக் பந்தை வீசுவதற்குள் ஓரமாகச் சுற்றி வந்து அவரைத் தரையில் சாய்க்க வேண்டும். இதற்குச் சேக் என்று பெயர். ஸ்மித்தின் கணக்கில் 67.5 சேக்குகள்.

எண்ணிக்கையை வைத்து மட்டும் அந்த ஊர் அவரை நேசிக்கவில்லை. அவர் வந்து ஒரு வருடத்தில், 2005 ஆகஸ்டில், கத்ரீனா புயல் நகரத்தை மூழ்கடித்தது. வீடிழந்த ஆயிரக்கணக்கானவர்கள் தஞ்சம் புகுந்த சூப்பர்டோம் அரங்கம்தான் செயின்ட்ஸ் அணியின் சொந்த மைதானம். அந்தப் பருவம் முழுக்க அணிக்கு ஊரே இல்லை. சான் அன்டோனியோவிலும் பேட்டன் ரூஜிலும் 'சொந்த ஊர்' ஆட்டங்களை ஆடினார்கள். அணி திரும்பி வருமா என்பதே சந்தேகமாக இருந்தது. 2006 செப்டம்பர் 25 அன்று சூப்பர்டோம் மறுபடி திறந்து, அட்லாண்டா ஃபால்கன்ஸை 23-3 என்று அடித்தபோது அரங்கத்தில் அழாதவர்கள் குறைவு. 2010 பிப்ரவரியில் இண்டியானபோலிஸ் கோல்ட்ஸை 31-17 என்று வென்று, அந்த அணி தன் வரலாற்றில் முதல் முறையாக, பருவத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் கோப்பையைக் கையில் எடுத்தது. அந்தப் பருவத்தில் ஸ்மித்துக்கு 13 சேக்குகள். வெள்ளம் வடிந்த சேற்றிலிருந்து ஊர் எழுந்த அந்த வருடங்களில் கூடவே நின்றவர் அவர். ஆட்டத்தை விட்ட பிறகும் அங்கேயே வாழ்ந்தார். "எங்க செயின்ட்ஸை அடிக்கப்போறேன்னு சொல்றவன் எவன்டா" என்ற பொருளில் அங்கே 'ஹூ டாட்' என்று ஒரு கோஷம் போடுவார்கள். ரசிகர்களே தங்களை 'ஹூ டாட் நேஷன்' என்றுதான் அழைத்துக்கொள்வார்கள். அந்தக் குடும்பத்தில் ஒரு சாவு விழுந்தது என்றுதான் ஏப்ரல் 10 காலை ஊர் விழித்தது.

அந்தத் தெருவில் நடந்தது

சுட்டவர் கார்டெல் ஹேய்ஸ், அப்போது வயது 28. உள்ளூர்ச் சிறு அணி ஒன்றில் அவரும் ஃபுட்பால் ஆடியவர். சுட்ட பிறகு அவர் ஓடவில்லை. அங்கேயே நின்றார், போலீஸ் வந்து கைது செய்தது.

சில கட்டடங்கள் தள்ளி இருந்த ஒரு கேமரா, மோதலுக்கு முன்பு நடந்ததைப் பதிவு செய்திருந்தது. ஸ்மித்தின் மெர்சிடிஸ் முன்னால் நின்ற ஹம்மருக்கு மிக நெருக்கமாக வந்து நிற்கிறது. தொட்டதா இல்லையா என்று அடித்துச் சொல்ல முடியாத அளவுக்கு நெருக்கம். ஹம்மர் ஓரம் கட்டுகிறது. மெர்சிடிஸ் நிற்காமல் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. ஹம்மர் பின்தொடர்கிறது. இடித்துவிட்டு ஓடுகிறார்கள், நம்பர் பிளேட்டைக் குறித்துக்கொள்ளத்தான் பின்னால் போனேன் என்பது ஹேய்ஸின் வாதம். வேண்டுமென்றே துரத்தி வந்து இடித்தார் என்பது அரசுத் தரப்பின் வாதம். அந்த இடியில் மெர்சிடிஸ் முன்னால் தள்ளப்பட்டு, ஸ்மித்தின் நண்பர்கள் போன காரில் மோதியது.

ஸ்மித்தின் பக்கமும் எல்லாம் சுத்தமாக இல்லை. இதை மறைத்து எழுதினால் வழக்கு புரியாது. பிரேதப் பரிசோதனையில் அவர் ரத்தத்தில் ஆல்கஹால் அளவு 0.24. வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் வரம்பு 0.08. மூன்று மடங்கு. அந்த நிலையில் ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கக் கூடாது. முதலில் உரசியது உண்மை என்றால் நின்றிருக்க வேண்டும்.

அப்புறம் துப்பாக்கிகள். ஹேய்ஸ் சுட்டது .45 காலிபர் கைத்துப்பாக்கி. அவருடைய ஹம்மருக்குள் குண்டு நிரப்பிய ரிவால்வர் ஒன்று இருந்தது. நீதிமன்ற ஆணை வாங்கி ஸ்மித்தின் மெர்சிடிஸைச் சோதித்தபோது அதற்குள்ளும் குண்டு நிரப்பிய 9 மில்லிமீட்டர் துப்பாக்கி ஒன்று கிடைத்தது. அது சுடப்படவில்லை. ஆக இரண்டு வண்டிகளில் மூன்று துப்பாக்கிகள். திருவிழா முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள் வண்டியில் இது சாதாரணமாக இருக்கிற பொருள். ஓட்டுநர் இருக்கையிலிருந்து கை எட்டும் தூரம்தான். பம்பர் நசுங்கினால் உலகத்தில் எந்த ஊரிலும் வாய்ச்சண்டை வரும், சில சமயம் கைகலப்பும் வரும். மறுநாள் வீங்கிய முகத்தோடு இன்சூரன்ஸ் அலுவலகத்துக்குப் போன் போடுவார்கள். இங்கே அந்த மறுநாள் வராமல் போனதற்கு, கைக்கு எட்டும் தூரத்தில் அது இருந்ததைத் தவிர வேறு பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஹேய்ஸின் கதையிலும் ஒரு துப்பாக்கிச் சாவு இருக்கிறது. 2005 டிசம்பரில், கத்ரீனாவுக்கு நான்கு மாதம் கழித்து, மனநோய் இருந்த அவருடைய அப்பா கையில் கத்தியோடு நின்றபோது நியூ ஆர்லியன்ஸ் போலீஸார் சுட்டுக் கொன்றார்கள். குடும்பம் வழக்குப் போட்டது, நகர நிர்வாகம் பின்னால் சமரசத் தொகை கொடுத்தது. அந்த வழக்கில் பெயர் இடம்பெற்ற ஓய்வுபெற்ற காவல் அதிகாரி ஒருவர், சம்பவ இரவில் ஸ்மித்தோடு அதே மேஜையில் சாப்பிட்டிருந்தார். இது வெளியானதும் ஊரில் கதைகள் பறந்தன. பழிவாங்கல் என்றார்கள், சதி என்றார்கள். அதற்கு ஒரு துளி ஆதாரமும் வரவில்லை. ஆனால் துப்பாக்கியால் அப்பாவை இழந்த ஒருவர் துப்பாக்கியோடு வண்டி ஓட்டுகிறார் என்பது என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது. பயம் அவருக்கு எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை. அந்தப் பயத்துக்கு ஸ்மித்தின் முதுகு எந்த விதத்திலும் பொறுப்பில்லை.

துக்கம், பிறகு பயிற்சியாளரின் பேச்சு

சம்பவ இடத்தில் பூக்கள் சேர்ந்தன. மெட்டேரியில் இருக்கும் செயின்ட்ஸ் அணியின் பயிற்சிக் கூடத்தில், அவர் பல வருடம் வியர்வை சிந்திய இடத்திலேயே, பொதுமக்கள் அஞ்சலிக்காக அவர் உடலை வைத்தார்கள். ரசிகர்கள் கறுப்பும் பொன்னிறமுமான 91 சட்டையைப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அந்தச் சட்டை ஆட்டத்துக்குப் போக வாங்கியது. அதைத் துக்க வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போவோம் என்று எந்த ரசிகர் நினைத்து வாங்கியிருப்பார்?

சம்பவம் நடந்து இரண்டு நாளில் தலைமைப் பயிற்சியாளர் ஷான் பேட்டன் யூஎஸ்ஏ டுடே பத்திரிகையிடம் பேசினார். ஒரு அமெரிக்கன் ஃபுட்பால் பயிற்சியாளர், அதுவும் தென் மாநிலம் ஒன்றில் வேலை பார்ப்பவர், இப்படிப் பேசுவது வழக்கமில்லை. எனக்குத் துப்பாக்கி என்றாலே வெறுப்பு என்றார். தான் தீவிர இடதுசாரி இல்லை, சில விஷயங்களில் வலது பக்கம் சாய்பவன்தான், ஆனால் இது மட்டும் மண்டையில் ஏறவே மாட்டேன் என்கிறது என்றார். இருநூறு வருடம் கழித்துத் திரும்பிப் பார்ப்பவர்கள் இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று கேட்பார்கள் என்றார். .45 குண்டு உடலுக்குள் என்ன செய்யும் என்பதையும் விவரித்தார். ஆளை நிறுத்துவதற்கென்றே செய்த குண்டு அது, பட்ட சில நொடிகளில் ரத்தம் வடிந்து ஆள் போய்விடுவார் என்று. லூசியானாவில் இந்தக் கருத்துக்கு மதிப்பில்லை என்றால் பரவாயில்லை என்றும் சொன்னார்.

பல வருடம் தான் பயிற்சி கொடுத்த ஒருவரை இழந்தவரின் பேச்சு அது. அவர் அரசியல் பேசியதாக எனக்குத் தோன்றவில்லை. துக்கம் ஒரு கேள்வியாக வெளியே வந்தது. ஆனால் அன்றிலிருந்து ரசிகர்கள் துக்கத்தை விட்டுவிட்டு அந்தக் கேள்வியின் மேல் சண்டை போட ஆரம்பித்தார்கள்.

ஒரு சாரார் கடைசியில் ஒருவராவது சொன்னாரே என்று கண்கலங்கினார்கள். இன்னொரு சாரார் கொதித்தார்கள். ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்கத்தான் உனக்குச் சம்பளம், அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தம் தந்த துப்பாக்கி உரிமையில் கை வைக்காதே என்றார்கள். வில் ஸ்மித்திடமே துப்பாக்கி இருந்ததே, அதற்கு என்ன சொல்கிறாய் என்றும் கேட்டார்கள். அவர் பேட்டியில் ஒரு பிழையும் இருந்தது. இணையத்தில் பத்துத் துப்பாக்கி வாங்கினால் நாளைக்கே வீட்டுக்கு வந்துவிடும் என்று சொல்லியிருந்தார். அது சரியில்லை. மத்தியச் சட்டப்படி இணையத்தில் கடைகளிடம் வாங்கும் துப்பாக்கி உரிமம் பெற்ற உள்ளூர்க் கடைக்குத்தான் வரும். அங்கே போய்ப் படிவம் நிரப்பி, பின்னணிச் சரிபார்ப்பு முடிந்த பிறகுதான் கைக்குக் கிடைக்கும். துப்பாக்கி வைத்திருக்கும் ரசிகர்கள் இந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் சுட்டிக்காட்டியதும் நியாயமே. தெரியாத விஷயத்தைத் தெரிந்த மாதிரி பேசினால் தெரிந்தவர்கள் மற்றதையும் கேட்கமாட்டார்கள். ஆனால் அதே லூசியானாவில் ஒரு தனிநபர் இன்னொரு தனிநபருக்கு விற்கும்போது எந்தச் சரிபார்ப்பும் தேவையில்லை என்பதை அவர்களில் பலர் சொல்லாமல் விட்டார்கள்.

இது நியூ ஆர்லியன்ஸில் ஏன் இவ்வளவு ஆழமாகப் பாய்ந்தது என்பதற்கு உள்ளூர்க் காரணங்கள் உண்டு. கத்ரீனாவுக்குப் பிறகு வெள்ளத்தில் சிக்கிய நகரத்தில் போலீஸும் ராணுவத்தினரும் பொதுமக்களிடமிருந்து துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்தார்கள். கொள்ளையர் பயம் இருந்த நாட்கள், கூப்பிட்டால் வர போலீஸே இல்லாத நாட்கள். துப்பாக்கி உரிமைக்காகப் பேசும் தேசிய ரைபிள் சங்கம் வழக்குப் போட்டது. மறு வருடம் அமெரிக்கக் காங்கிரஸ் பேரிடர்க் காலப் பறிமுதலுக்குத் தடைச் சட்டமே போட்டது. அந்த வாரங்களை வாழ்ந்த ஒருவரிடம் போய்த் துப்பாக்கி எதற்கு என்று கேட்டால் பதில் புத்தகத்திலிருந்து வராது, அவர் வீட்டு வாசலிலிருந்து வரும். அதே நகரம்தான் 1998-ல் துப்பாக்கி நிறுவனங்கள் மீது வழக்குப் போட்ட முதல் அமெரிக்க நகரமும். மாநிலச் சட்டமன்றம் அடுத்த வருடமே அந்த மாதிரி வழக்கே போட முடியாதபடி சட்டம் இயற்றி அதை முறித்தது. நகரங்கள் சொந்தமாகத் துப்பாக்கிக் கட்டுப்பாடு கொண்டுவர மாநிலச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. 2012 நவம்பரில் மாநில மக்கள் வாக்களித்துத் துப்பாக்கி உரிமைக்கு அரசியலமைப்பில் மிகக் கடுமையான பாதுகாப்பைச் சேர்த்தார்கள். நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவான ஆதரவோடு அது நிறைவேறியது. அதாவது பேட்டன் பேசியபோது அவர் அரங்கத்தில் உட்கார்ந்திருந்த பெரும்பான்மையினருக்கு எதிராகவே பேசினார்.

இதே விவாதம் ஃபுட்பால் ரசிகர்களிடையே முன்பும் நடந்திருக்கிறது. 2007 நவம்பரில் வாஷிங்டன் அணியின் ஷான் டெய்லர் மயாமி அருகே தன் வீட்டில் திருட வந்தவர்களால் தொடையில் சுடப்பட்டு மறுநாள் இறந்தார். அப்போது அவர் கையில் இருந்தது வெட்டுக்கத்தி மட்டும்தான். துப்பாக்கி இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று பலர் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். 2012 டிசம்பரில் கேன்சஸ் சிட்டி அணியின் ஜோவன் பெல்ச்சர் தன் குழந்தையின் தாயைச் சுட்டுக் கொன்றுவிட்டு, அணியின் மைதான வளாகத்துக்கு வந்து தன்னையும் சுட்டுக்கொண்டார். மறுநாள் இரவு ஆட்டத்தின் இடைவேளையில் தொலைக்காட்சி விளையாட்டு வர்ணனையாளர் பாப் காஸ்டஸ் துப்பாக்கிக் கலாசாரத்தைப் பற்றி ஒன்றரை நிமிடம் பேசியதற்காகக் கடும் வசை வாங்கினார். டெய்லரின் சாவைக் காட்டி ஒரு தரப்பு பேசும், பெல்ச்சரைக் காட்டி மறு தரப்பு பேசும். ஸ்மித் விஷயத்தில் அந்த வசதி யாருக்கும் இல்லை. சுட்டவரிடம் துப்பாக்கி இருந்தது, செத்தவரிடமும் இருந்தது, அது அவரைக் காப்பாற்றவில்லை. அதோடு நிற்கவில்லை. அது வண்டியில் இருந்தது என்ற ஒன்றே பிறகு நீதிமன்றத்தில் அவருக்கு எதிரான வாதமாகப் பயன்பட்டது.

இடையில் இன்னொரு சாவு

ஹேய்ஸ் மீதான விசாரணை தொடங்க சில நாட்கள் இருக்கும்போது, 2016 டிசம்பர் 1 அன்று, மிசிசிப்பி ஆற்றின் மறு கரையில் டெர்ரிடவுனில் ஜோ மெக்நைட் கொல்லப்பட்டார். வயது 28. நியூயார்க் ஜெட்ஸ் அணிக்கு ஆடியவர், பள்ளிக் காலத்திலிருந்தே நியூ ஆர்லியன்ஸின் செல்லப் பிள்ளை. பாலத்தின் மேல் இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று முந்தி வெட்டிக்கொண்டு ஆரம்பித்த தகராறு, சில மைல் தள்ளி ஒரு சிக்னலில் முடிந்தது. மெக்நைட் இறங்கி மற்றவர் காரின் ஜன்னல் அருகே போனார். உள்ளே இருந்த ரொனால்ட் காஸர் இருக்கையில் உட்கார்ந்தபடியே மூன்று முறை சுட்டார். மெக்நைட்டிடம் ஆயுதம் எதுவும் இல்லை.

ஸ்மித்தும் ஹேய்ஸும் கறுப்பினத்தவர். மெக்நைட் கறுப்பினத்தவர், காஸர் வெள்ளையர். ஹேய்ஸை அன்றிரவே உள்ளே போட்டார்கள். காஸரை அன்றிரவு வழக்குப் போடாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள், நான்கு நாள் கழித்துத்தான் கைது. தற்காப்புச் சட்டம் யாருடைய பயத்தை உடனே நம்புகிறது, யாருடைய பயத்தை நம்ப மறுக்கிறது என்ற கேள்வி தெருவுக்கு வந்தது. லூசியானாவில் 2006 முதல், சட்டப்படி இருக்க உரிமையுள்ள இடத்தில் இருக்கும் ஒருவர் பின்வாங்கத் தேவையில்லை, எதிர்த்து நிற்கலாம் என்று சட்டம் சொல்கிறது. வண்டிக்குள் இருப்பவருக்கு வீட்டுக்குள் இருப்பவருக்கு உள்ளதைப் போன்ற பாதுகாப்பும் உண்டு. கார் கதவைத் தட்டுகிற கோபக்காரர், வீடு புகுந்த திருடர் மாதிரி ஆகிவிடுகிறார். பின்னால் காஸருக்கு 30 வருடத் தண்டனை கிடைத்தது, அந்தத் தீர்ப்பும் ஸ்மித் வழக்கைப் போலவே பிறகு ரத்தானது.

எட்டு மாதத்துக்குள் ஒரே ஊரின் இரண்டு ஃபுட்பால் வீரர்கள், இரண்டுமே வண்டித் தகராறு. இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

இரண்டு விசாரணைகள்

அரசுத் தரப்பு இரண்டாம் நிலைக் கொலை என்று வழக்கைக் கொண்டுபோனது. லூசியானாவில் அது நிரூபணமானால் பரோல் இல்லாத ஆயுள் தண்டனை கட்டாயம். ஹேய்ஸ் கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னார். ஸ்மித் குடித்திருந்தார், மூர்க்கமாக இருந்தார், துப்பாக்கி எடுக்கப் போகிறேன் என்ற மாதிரி பேசிவிட்டு வண்டிக்குத் திரும்பினார், டப் என்று ஒரு சத்தம் கேட்டது, அதனால் சுட்டேன் என்றார். அரசுத் தரப்பு ஸ்மித்தின் துப்பாக்கி சுடப்படவே இல்லை என்பதையும், முதுகில் ஏழு குண்டுகள் என்பதையும் முன்வைத்தது. என்னைப் பொறுத்தவரை வழக்கின் மையம் அந்த ஏழுதான். முதல் குண்டுக்குப் பயம் காரணம் என்று வாதத்துக்கு ஒப்புக்கொண்டாலும், திரும்பி விழுகிற மனிதரின் முதுகில் அடுத்தடுத்துப் பாய்ந்த குண்டுகளைப் பயம் என்று என்னால் படிக்க முடியவில்லை. ஆனால் அவர் துப்பாக்கி எடுக்கத்தான் வண்டிக்குள் சாய்ந்தார் என்று எதிர்த்தரப்பு சொன்னபோது, வண்டிக்குள் உண்மையிலேயே ஒரு துப்பாக்கி இருந்ததால் அந்த வாதத்துக்கு உயிர் வந்தது.

டிசம்பர் 11, ஞாயிறு இரவு ஜூரி தீர்ப்புச் சொன்னது. கொலை இல்லை, மேன்ஸ்லாட்டர். ஆத்திரத்தில், வெறியில் நிகழ்த்திய மரணம். மனைவியைச் சுட்டதற்கு மேன்ஸ்லாட்டர் முயற்சி. பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் சேர்ந்து, இரண்டு பேர் மறுத்து. 2017 ஏப்ரலில் நீதிபதி கமீல் புராஸ் 25 வருடம் விதித்தார். அதிகபட்சம் 40 வருடம் வரை கொடுத்திருக்கலாம். ஸ்மித்தின் ரசிகர்களில் பலருக்கு அது போதவில்லை. ஹேய்ஸின் பக்கம் நின்றவர்களுக்கு அதுவே அதிகம்.

அந்தப் பத்துக்கு இரண்டுதான் பிறகு எல்லாவற்றையும் கவிழ்த்தது. ஜூரி ஒருமனதாக இல்லாமலே தண்டிக்கலாம் என்ற விதி லூசியானாவில் 1898 அரசியலமைப்பிலிருந்து வந்தது. கறுப்பின ஜூரி உறுப்பினர்களின் வாக்கைச் செல்லாக்காசாக்க அன்றைய வெள்ளை ஆதிக்கவாதிகள் வெளிப்படையாகவே கொண்டுவந்த ஏற்பாடு அது. 2018-ல் மாநில மக்களே வாக்களித்து அதை ஒழித்தார்கள், ஆனால் 2019-லிருந்து நடக்கும் குற்றங்களுக்கு மட்டும். 2020 ஏப்ரலில் ராமோஸ் எதிர் லூசியானா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த விதியே அரசியலமைப்புக்கு விரோதம் என்றது. மேல்முறையீட்டில் இருந்த ஹேய்ஸின் தண்டனை ரத்தானது. 2021-ல் ஜாமீனில் வெளியே வந்தார்.

ரசிகர்கள் பலர் இதைச் சட்டத்தின் ஓட்டை என்று திட்டினார்கள். என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. நம் ஆள் செத்த வழக்கு என்பதற்காக அநியாயமான விதி நியாயமாகிவிடாது. ஆனால் அதன் விலையைக் கொடுத்தது ஸ்மித்தின் குடும்பம். கணவர் செத்த இரவை மறுபடி அந்நியர்கள் முன்னால் நிமிடம் நிமிடமாகச் சொல்ல வேண்டியிருந்தது. முதல் விசாரணையின்போது சின்னவர்களாக இருந்த குழந்தைகள் இரண்டாவது விசாரணைக்குள் வளர்ந்துவிட்டார்கள்.

2024 ஜனவரி 27 அன்று இரண்டாவது ஜூரி முடிவு சொன்னது. இந்த முறை பன்னிரண்டு பேரும் ஒரே முடிவு, மறுபடி மேன்ஸ்லாட்டர். மனைவியைச் சுட்ட குற்றச்சாட்டிலிருந்து மட்டும் விடுவித்தார்கள். அவர் காலில் பாய்ந்த குண்டுகளுக்குச் சட்டத்தின் கணக்கில் இப்போது பொறுப்பாளி யாரும் இல்லை.

ஐந்து வாரம் கழித்து, மார்ச் 5 அன்று, ஆளுநர் ஜெஃப் லாண்ட்ரி ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். 18 வயது நிரம்பிய, சட்டப்படி தடையில்லாத எவரும் அனுமதி வாங்காமலே, பயிற்சி இல்லாமலே துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். நகரத்தின் காவல்துறைத் தலைமை ஃபிரெஞ்ச் குவார்ட்டர் போன்ற நெரிசல் இடங்களை நினைத்துக் கவலை தெரிவித்தது. ஏற்கெனவே அந்த மாநிலத்தில் அனுமதி இல்லாமலே காரில் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். இனி அதை இடுப்பில் மறைத்துக்கொண்டு காரிலிருந்து இறங்கலாம். சட்டம் அமலுக்கு வந்த நாள் ஜூலை 4. வில் ஸ்மித் பிறந்த நாளும் அதுதான். இருந்திருந்தால் அன்று அவருக்கு 43 வயது.

பேட்டன் அதற்கு முன்பே டென்வர் அணிக்குப் போய்விட்டார். 2024 ஏப்ரல் மாதம், சம்பவம் நடந்து எட்டு வருடம் முடிந்த சில நாட்களில், அதே நீதிபதி கமீல் புராஸ் ஹேய்ஸுக்கு அதே 25 வருடத்தை மறுபடி விதித்தார். ஏற்கெனவே உள்ளே கழித்த காலம் அதில் கழியும்.